350 இன்ஜினைப் பிரிக்கும் முன்

கேள்வி: டல்லாஸில் இருக்கிறேன். போன வருடம் 1969 ஷெவர்லே கேமரோ கார் ஒன்று வாங்கினேன். 350 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோ கியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தள்ளுகிறது, கொஞ்சம் ஆயிலும் குடிக்கிறது. மெஷின் ஷாப்பில் "450 குதிரைசக்திக்குச் செய்து தருகிறோம்" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஒரு சுற்றுப் போய்வர மட்டுமே இந்த வண்டி. சரி சொல்லலாமா?

பதில்: இன்ஜினை இறக்கவே வேண்டுமா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்து அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்தான் காய்ந்து போயிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைப் பிடித்துக்கொண்டால், ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றலாம். எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

பிரித்தே ஆக வேண்டும் என்றாலும் 450 வேண்டாம். கேமரோவில் வந்த நாலு பேரல் கார்புரேட்டர் வைத்த 350க்கு அன்று சொன்ன 300 குதிரைசக்தியே இன்றைய கணக்கு இல்லை. அப்போது ஃபேன், ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளந்தார்கள். 1971ல் ஒரே 350 இன்ஜினுக்கு அந்தக் கணக்கில் 270, வண்டியில் இருக்கிறபடி அளந்தால் 210.

450ஐத் துரத்தினால் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடுவார்கள். ஐடிலில் இன்ஜின் வேக்குவம் விழும், அதை நம்பியிருக்கும் பவர் பிரேக்கின் பெடல் கல்லாகும். இன்ஜினை ஆட்டோ கியரோடு இணைக்கும் பழைய டார்க் கன்வெர்ட்டரோடு 'டி'யில் போட்டதும் இன்ஜின் நின்றுவிடும். 0.050 அங்குல லிஃப்ட்டில் அளந்த டியூரேஷன் (வால்வைத் திறந்து வைக்கும் கோணம்) 210லிருந்து 218 டிகிரிக்குள் இருக்கும் கேம் உங்களுக்குப் போதும். முடிந்தால் ரோலர் கேமாகப் போடுங்கள், காசு கூடத்தான். உருளை இல்லாத பழைய ஃபிளாட் டாப்பெட் கேமுக்கு ஜிங்க் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். அதை அசட்டையாக விட்ட ஒரு இன்ஜினைத் திறந்தபோது பார்த்தேன். கேமின் ஒரு மூக்கு மொட்டையாகி, ஆயிலில் வெள்ளிப் பொடி மின்னியது.

பிஸ்டன் ஆர்டர் போகும் முன் ஒரு விஷயம். மலிவு ரீபில்ட் பிஸ்டன்கள் பலவற்றில் பின்னுக்கு மேலேயுள்ள உயரம் அசலைவிட 20 தௌ (0.020 அங்குலம்) குறைவு. கம்ப்ரெஷன் இறங்கும், இழுவையும் போகும். அசல் உயரப் பிஸ்டன்தான் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இரும்பு ஹெட்டுக்கு 9லிருந்து 9.5 கம்ப்ரெஷன் வந்தால் நல்லது.

இதையெல்லாம்விட முக்கியம், பிளாக்கின் மேல்முகத்தைச் சீவ விடாதீர்கள். வலது ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டர் மறைக்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மேடை இருக்கும். இன்ஜின் தயாரான தேதியும் வகையும் அதில் பொறித்திருக்கும். ஒரு முறை மெஷின் ஓடினால் அந்த எழுத்து போச்சு. 'அசல் இன்ஜின்' என்று விற்கும்போது கிடைக்கும் விலையும் போச்சு. துணியால் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பிளாக்கைக் கொடுங்கள்.

கேள்வி: அதற்குப் பதில் பெட்டியில் அடைத்து ரெடிமேடாக வரும் 'கிரேட்' (crate) இன்ஜினே வாங்கிவிட்டால்?

பதில்: வாங்கலாம். விலையில் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வாட்டர் பம்ப் சேர்த்தியா என்று கேளுங்கள். பல நேரம் சேர்த்தி இல்லை. 1986க்குப் பிந்தைய வகை பிளாக் என்றால் கிராங்கின் பின்முகம் மாறிவிட்டது, அதில் மாட்டும் உங்கள் ஃபிளெக்ஸ்பிளேட் (டார்க் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் தகடு) பொருந்தாது. ரீபில்ட் கடைகள் 'கோர்' என்று சொல்லிப் பழைய இன்ஜினைத் திருப்பிக் கேட்பார்கள். கோர் பணம் போனால் போகட்டும், அசல் பிளாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆயில் தடவி, பாலிதீனில் சுற்றி கராஜ் மூலையில் வையுங்கள்.

கேள்வி: 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது...

பதில்: 350ஐ 5500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுங்கள், உங்கள் இன்ஜினுக்கு வேண்டிய சிஎஃப்எம் 557 வரும். அதுவும் இன்ஜின் முழு மூச்சு இழுத்தால். 600, வேக்குவம் செகண்டரி (இன்ஜின் கேட்கும்போது மட்டும் திறக்கும் இரண்டாவது ஜோடி வாய்) உள்ளதாக வாங்குங்கள். அதோடு பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உளுத்துப்போகச் செய்யும், அந்த ஹோஸ் சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில்தான் போகிறது.