பெரிய ஸ்டேடியத்தில் நடக்கும் ராக் கச்சேரியில் பாட்டு ஏன் தெளிவாகக் கேட்பதில்லை? எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

ஸ்பீக்கர் சரியில்லை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் உட்கார்ந்தவருக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உலகம் சுற்றும் ராக் குழுக்கள் இன்று கொண்டுபோகிற ஸ்பீக்கர்களில் மட்டமானது என்று அநேகமாக எதுவும் கிடையாது. பெரிய இடத்தில் ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் நேரம். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுகிறது. ஒரே சொல் பல திசைகளிலிருந்து வெவ்வேறு நேரத்தில் காதுக்கு வருகிறது. எங்கே டிக்கெட் எடுப்பது என்பதையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கூரை உள்ள அரங்கு. ஒலி நின்ற பிறகு அது 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் அந்த அரங்கின் முழக்க நேரம். கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கட்டிய அரங்குகளில், குறிப்பாகக் கீழ்ஸ்தாயியில், இது 3 வினாடியைத் தொடுவது சாதாரணம். பாட்டு நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை வினாடிதான். 3 வினாடி முழக்கத்தில் அந்த அரை வினாடிக்குள் முந்தைய அடி 10 டெசிபல்தான் இறங்கியிருக்கும். 1 வினாடி முழக்கமுள்ள அரங்காக இருந்தால் 30 டெசிபல் இறங்கி, அடுத்த அடிக்கு இடம் காலியாகியிருக்கும். காலால் அடிக்கும் கிக் டிரம்மும் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பாஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகக் கேட்பது இதனால்தான். கீழ்ஸ்தாயி ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடிவிடும் என்பதால், பாடகரின் சொற்களும் அந்த இரைச்சலுக்குள்ளேயே போய்விடுகின்றன.

இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் அடெல்மன்-லார்சன். அந்நாட்டின் 20 ராக் அரங்குகளை அளந்து, இசைக்கலைஞர்களிடமும் சவுண்ட் இன்ஜினியர்களிடமும் கருத்துக் கேட்டு 2010-இல் கட்டுரை வெளியிட்டார். நல்ல அரங்கையும் மோசமான அரங்கையும் பிரித்துக் காட்டியது கீழ்ஸ்தாயியான 63, 125 ஹெர்ட்ஸ் பகுதிகளின் முழக்க நேரம்தான். பல அரங்கு நிர்வாகங்கள் சுவரெங்கும் கனத்த திரை கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. திரை உறிஞ்சுவது மேல்ஸ்தாயியை மட்டுமே. 63 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 5.4 மீட்டர். பஞ்சு மாதிரியான பொருளால் அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால்வாசி, அதாவது ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். கூட்டம் நிறைந்ததும் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. மனித உடலும் உடுப்பும் நடு, மேல் ஸ்தாயிகளை நன்றாக உறிஞ்சும், கீழ்ஸ்தாயியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் மாலை காலி அரங்கில் சவுண்ட் செக் செய்தபோது சமமாக இருந்த ஒலி, ஆள் நிறைந்ததும் பாஸ், அதாவது கீழ்ஸ்தாயி, தூக்கலாக மாறிவிடுகிறது. இன்ஜினியர் முதல் பாட்டிலேயே கீழ்ஸ்தாயிக்கென்று உள்ள சப் வூஃபர் ஸ்பீக்கர்களை 3 டெசிபலாவது குறைக்கத் தயாராக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு அதிர்வு வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் நல்ல கச்சேரியைக் கெடுக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

திறந்தவெளி ஸ்டேடியத்தில் சிக்கல் வேறு. அங்கே கூரை இல்லை, ஆனால் தொலைவு இருக்கிறது. மேடையிலிருந்து 40 மீட்டரில் நிற்கிறீர்கள், எதிர்ப்பக்கக் கேலரி 120 மீட்டரில் இருக்கிறது என்றால், ஒலி உங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிவர 160 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. வினாடிக்கு 343 மீட்டர் என்று பார்த்தால் 467 மில்லிசெகண்ட். அதே 120 வேகப் பாட்டில் ஸ்னேர் டிரம்மின் எதிரொலி அடுத்த அடிக்கு வெறும் 33 மில்லிசெகண்ட் முன்னால் வந்து விழும். தாளமே தடுமாறுவது போல் தோன்றும். டிரம்மர் சரியாகத்தான் வாசிக்கிறார்.

பின்னால் இருப்பவர்களுக்காக நடுமைதானத்தில் நிறுத்தும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்கு டிலே டவர் என்று பெயர். மேடையின் ஒலி அங்கே வந்து சேரும்வரை இந்தக் கோபுரத்தின் ஒலியைத் தாமதப்படுத்தியாக வேண்டும். 1973 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளெனில் சுமார் 6 லட்சம் பேர் திரண்ட கச்சேரியில் இதற்காக டிஜிட்டல் டிலே கருவிகளைப் பயன்படுத்தினார்கள். இன்றும் கணக்கு அதேதான். கோபுரம் 100 மீட்டரில் இருந்தால், 20 டிகிரி வெப்பத்தில் 291 மில்லிசெகண்ட். அதோடு 10 முதல் 15 மில்லிசெகண்ட் கூட்டி வைப்பார்கள். முதலில் காதுக்கு எட்டும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் பாட்டு வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். அதனால் கோபுரம் பக்கத்தில் இருந்தாலும் பாடகர் மேடையில் பாடுவதாகவே தோன்றும். பிற்பகல் 35 டிகிரி வெயிலில் இதை அளந்து வைத்துவிட்டு, இரவு 22 டிகிரிக்கு இறங்கியதும் மாற்றாமல் விட்டால் 6 மில்லிசெகண்ட் பிசகும். கேட்க அற்பம் போலத் தோன்றினாலும் இரண்டு ஒலிகளும் கலக்கும் இடத்தில் மெய்யெழுத்துகள் மழுங்க இது போதும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு வெப்பநிலையை மறுபடி பார்த்து டிலேயைத் திருத்துகிற குழு அக்கறையுள்ள குழு.

காற்றும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. 15 டிகிரியில், 20 சதவீத ஈரப்பதமுள்ள வறண்ட காற்றில் 8000 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டர் போவதற்குள், தூரத்தால் குறைவது போக, இன்னும் 20 டெசிபல் இழக்கிறது. 80 சதவீத ஈரப்பதத்தில் இழப்பு 8 டெசிபல்தான். ஈரக்காற்று ஒலியை விழுங்கிவிடும் என்று பலர் நினைப்பது தலைகீழ். 125 ஹெர்ட்ஸுக்கோ இந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. பின்வரிசையில் தும் தும் என்று மட்டும் கேட்டு, சிம்பலும் 'ச', 'த' ஒலிகளும் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மேடையின் இருபுறமும் வாழைக்குலை போல வளைந்து தொங்குகிற ஸ்பீக்கர் வரிசைதான் லைன் அரே. 1992-இல் பிரான்ஸின் கிறிஸ்டியன் ஹைல் தன் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் வழியாக வி-டாஸ்க் என்ற வரிசையைக் கொண்டுவந்த பிறகு பெரிய கச்சேரிகள் இந்த வழிக்கு மாறின. தனிப் பெட்டியின் ஒலி தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். நீண்ட வரிசையில், குறிப்பிட்ட தூரம் வரைக்கும், மேல்ஸ்தாயிகளில் 3 டெசிபல்தான் குறையும். மேலேயுள்ள பெட்டிகள் ஏறக்குறைய நேராகத் தொலைவைப் பார்க்கும், கீழேயுள்ளவை அகலமாக விரிந்து முன்வரிசையைப் பார்க்கும். பெட்டிகளுக்கு இடையிலான கோணத்தில் ஒன்றிரண்டு டிகிரி தவறினாலே சில வரிசைகளுக்கு மட்டும் ஒலி மங்கிவிடும். அதை மிக்ஸரில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது, வரிசையைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும்.

சப் வூஃபர் வைக்கும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கவனிக்கப்படாமல் போவது இதுதான். மேடையின் இடதும் வலதும் 20 மீட்டர் இடைவெளியில் சப் அடுக்கினால், நடுக்கோட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து 6 டெசிபல் கூடும். 30 மீட்டர் பின்னால், நடுக்கோட்டிலிருந்து நான்கரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இரண்டு பக்கத்து ஒலிகளும் பயணித்த தூரத்தில் சுமார் 2.8 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். 60 ஹெர்ட்ஸின் அலைநீளத்தில் அது ஏறக்குறைய பாதி. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அந்த இடத்தில் 60 ஹெர்ட்ஸே இருக்காது. மிக்ஸர் நடுக்கோட்டில் இருப்பதால் இன்ஜினியருக்கு பாஸ் ஏராளமாகக் கேட்கும், நான்கரை மீட்டர் தள்ளி நிற்பவர் கிக் எங்கே என்று தேடுவார். மேடைக்கு முன்னால் முழு அகலத்துக்கும் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகச் சப் வரிசை வைத்து, ஓரத்திலுள்ளவற்றுக்குச் சிறிது சிறிதாக டிலே கூட்டினால் இது பெருமளவு தீரும். மூன்று பெட்டிக்கு ஒன்றைப் பின்புறம் திருப்பி, துருவத்தை மாற்றி, அதாவது அலையின் ஏற்றம் இறக்கமாகும்படி தலைகீழாக்கி, உரிய டிலே கொடுத்தால் மேடைப் பக்கம் போகிற பாஸ் நன்றாகக் குறையும். மேடையில் திறந்திருக்கும் எல்லா மைக்குகளும் அதனால் சுத்தமாகும்.

மேடையில் நடப்பதும் முக்கியம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது கிட்டாருக்கு 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள், குரலுக்கு அறிவிப்புச் செய்யும் ஸ்டேடியம் ஒலிபெருக்கிகள். பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஸ்பீக்கர் அடுக்குகளைத் தங்கள் முதுகுக்குப் பின்னாலேயே சுவர் போல எழுப்பியது. ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிர் துருவத்தில் இணைத்த இரண்டு மைக்குகள். ஒன்றில் மட்டும் வாயை ஒட்டிப் பாட வேண்டும். பின்னாலிருந்து வரும் பெருஒலி இரண்டு மைக்கிலும் ஒன்றாக விழுந்து ரத்தாகிவிடும், குரல் மட்டும் தங்கும். அற்புதமான யோசனை, ஆனால் ஊர் ஊராகத் தூக்கிப்போக முடியாத பாரம். அந்த ஆண்டோடு நின்றது.

பாடுகிறவர்களுக்குத் தங்கள் ஒலியைக் கேட்கவைக்கும் வேலையை இன்று காதுக்குள் வைக்கும் சிறு ஒலிபெருக்கிகளான மானிட்டர்கள் செய்கின்றன. மேடைச் சத்தம் குறையக் குறைய வெளியே தெளிவு கூடும். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டித்தால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய்ச் சுற்றும் ஃபீட்பேக் கூவத் தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடைவெளி 3 டெசிபல் குறைகிறது, ஆகவே வாசிக்காத மைக்கை மூடி வைக்க வேண்டும். குரலுக்கு 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். கிட்டாரில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்தால் சொற்களுக்கு இடம் கிடைக்கும். பாடகர் ஸ்டைலுக்காக மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால், பின்பக்க ஒலியைத் தடுக்கும் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கும். குரல் மூக்கடைத்தது போலாகும், உடனே கூவும். இன்ஜினியரால் செய்ய முடிந்ததெல்லாம் குரலைக் குறைப்பதுதான்.

சத்த அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். அதற்கு மேலே போனால் காதே தன்னைக் காத்துக்கொள்ள இறுகிவிடும், தெளிவு கூடாது. நுரைக் காதடைப்பான் மேல்ஸ்தாயியை மொத்தமாக விழுங்கிவிடுவதால் பாட்டு மந்தமாகிவிடும். இசைக்கென்று வடிகட்டியோடு வரும் அடைப்பான் 15 முதல் 20 டெசிபலை எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகுங்கள். சரியாக உட்காராவிட்டால் பாஸ் மட்டும் கசிந்து இன்னும் மோசமாகக் கேட்கும்.

இனி டிக்கெட். மிக்ஸர் மேடை இருக்கும் பகுதியைச் சுற்றி, நடுக்கோட்டை ஒட்டி நிற்பதுதான் என் முதல் தேர்வு. ஒலியைச் சமன்செய்வதே அந்த இடத்திலிருந்துதான். தடுப்புக் கம்பியை ஒட்டிய முதல் வரிசையில் பிரதான ஸ்பீக்கர்கள் தலைக்கு மேலே போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது சப்பும் டிரம்ஸும் மேடை விளிம்பிலுள்ள சிறு பெட்டிகளும்தான். ஆளைப் பார்க்க அங்கே போகலாம். மேல் கேலரி தாழ்வாக நீண்டிருக்கும் இடத்துக்கு அடியில், கடைசி வரிசைகளில் எடுக்காதீர்கள். தொங்கும் வரிசையின் மேல்பகுதி உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதன் மேல்ஸ்தாயியும் காதுக்கு வராது. பின்சுவரையும் மூலையையும் தவிருங்கள், பாஸ் அங்கேதான் குவியும். வெகுதூரம் நிற்க வேண்டியிருந்தால் டிலே டவருக்குப் பின்னால் 10 முதல் 20 மீட்டரில், அதற்கு நேராக நில்லுங்கள். கோபுரத்துக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம், முதுகுக்குப் பின்னாலிருந்து தாமதமாக ஒரு பாட்டு தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மேடைக்குப் பக்கவாட்டில் கடைசியில் திறந்து விற்கும் இருக்கைகளை, அந்தப் பக்கம் தனியாக ஸ்பீக்கர் தொங்குகிறதா என்று இருக்கைப் படத்திலோ முந்தைய ஊர்க் கச்சேரியின் புகைப்படத்திலோ பார்த்த பிறகு வாங்குங்கள்.