கேளுங்கள், சொல்கிறோம்: மனச்சோர்வும் சீனி வருத்தமும்

கேள்வி: அக்காவுக்கு வயது 38. அத்தான் தவறி ஒன்றரை வருடமாகிறது. யாரோடும் பேச்சில்லை, பகலெல்லாம் படுக்கை, இரவில் நித்திரை இல்லை. மனநல கிளினிக்கில் மனச்சோர்வுக்கு அமிற்றிப்ரிலின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். 59 கிலோவாக இருந்தவ இப்போது 70 கிலோ; உயரம் 154 சென்ரிமீற்றர். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அக்காவுக்கு வெறும் வயிற்றில் பார்த்தபோது 112. "தின்றுவிட்டுப் படுத்தால் இப்படித்தான்" என்று வீட்டில் ஏசுகிறார்கள். குளிசையை நிறுத்தலாமா?
– பெயர் வேண்டாம், பெரியகல்லாறு

பதில்: குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்று, குமட்டல் வரலாம். அடங்கியிருந்த சோர்வும் திரும்பலாம். நிறுத்தவேண்டியது வீட்டாரின் ஏச்சு. அக்காவின் எடை சோம்பலால் கூடியதல்ல.

மனச்சோர்வு நீடிக்கும்போது கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் பலருக்குக் கூடுகிறது. அது ஈரலை அதிக குளுக்கோஸ் விட வைக்கும், கொழுப்பை வயிற்றைச் சுற்றிச் சேர்க்கும், இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். நித்திரை குறைந்தால் பசி கூடும். அசையாத தசை குளுக்கோஸைக் குறைவாகவே எடுக்கும். எடை ஏறியபின் வெளியே போக வெட்கம், அதனால் இன்னும் சோர்வு. நீண்டகால ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2010இல் கணக்கிட்டபோது, மனச்சோர்வு உள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 58 சதவீதமும், பருமனானவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும் அதிகமாக இருந்தது.

அமிற்றிப்ரிலினுக்கும் இதில் பங்குண்டு. பசியைக் கூட்டும், வாயை உலர வைக்கும். வாய் உலர்கிறதே என்று சோடாவும் இனிப்புத் தேத்தண்ணியும் குடிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். வாயை நனைத்தால் அடங்குவது குளிசையால் வரும் உலர்வு. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் அடங்காமல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்பினால் உடனே சீனியைப் பாருங்கள். அடுத்த கிளினிக்கில் எடைக் கணக்கைக் காட்டி, செற்றலின் அல்லது ஃபுளுவொக்செற்றின் போல எடையை அவ்வளவாகக் கூட்டாத குளிசைக்கு மாறலாமா என்று கேளுங்கள். மாற்றுவதானால் டொக்டர் படிப்படியாக மாற்றுவார்.

112 இன்னும் சீனி வருத்தம் அல்ல. 100 முதல் 125 வரை அதற்கு முந்திய கட்டம். 126 அல்லது அதற்கு மேல் வந்து, மறுபடி பார்த்தும் அப்படியே வந்தால்தான் வருத்தம். விரலில் குத்திப் பார்த்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கை நாளத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். விடியற்காலை பஸ்ஸுக்கு முன் குடிக்கும் ஒரு கோப்பை பிளேன்டீ போதும், கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி யோடு தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச் பரிசோதனையும் கேளுங்கள். தைரொயிட் குறைந்தாலும் எடை ஏறும், மனம் சோரும்.

அக்காவின் பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 29.5. நம் தெற்காசிய உடம்புக்கு 23இலிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே பட்டினி போடாதீர்கள். சோர்ந்தவருக்கு அது இன்னொரு தோல்வியாகவே முடியும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், இதே கட்டத்தில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்தார்கள். சீனி வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்தது. அக்காவுக்கு அந்த 7 சதவீதம் ஏறக்குறைய 5 கிலோ.

முதல் இரண்டு வாரம் எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இராச்சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம், ஒழுங்கை முனை வரை, நீங்கள் கூடப் போங்கள். "மனம் வந்தால் நடக்கிறேன்" என்பார். இந்த வருத்தத்தில் மனம் முந்தி வராது, நடந்த பிறகுதான் கொஞ்சமாவது வரும். ஆகவே நேரத்தைக் குறித்துவிட்டு நடங்கள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள்.

சாப்பாட்டில் முதலில் கைவைக்க வேண்டியது தேத்தண்ணி. நாளுக்கு 6 கோப்பை, கோப்பைக்கு 2 கரண்டி என்றால் 60 கிராம் சீனி, 240 கலோரி. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். தட்டில் பாதி கீரைச் சுண்டலும் மரக்கறியும், கால்வாசி சோறு, கால்வாசி மீன். பிட்டுக்கு வெள்ளை மாவைக் குறைத்து குரக்கன் மா கலக்கலாம்.

கேள்வி: வயது 54, சீனி வருத்தம் வந்து 8 வருடம். உடம்பு மெலிகிறது, எதிலும் பிடிப்பில்லை, குளிசை போடவும் மனமில்லை. வயது போவதாலா?
– ஓய்வுபெற்ற ஊழியர், கல்முனை

பதில்: வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். முயற்சி இல்லாமல் மெலிவது சீனி எல்லை மீறியதன் அறிகுறியாக இருக்கலாம்; இந்த வாரமே இரத்தமும் சிறுநீரும் பாருங்கள். சீனி வருத்தக்காரருக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சோர்வில் குளிசை தவறும், சீனி ஏறும், களைப்பு கூடும். இரண்டு வாரமாக அநேக நாட்களில் மனம் தாழ்ந்திருக்கிறதா, பிடித்த காரியத்திலும் நாட்டமில்லையா? ஒன்றுக்காவது "ஓம்" என்றால் மனநலப் பிரிவில் காட்டுங்கள். சீனிக்குப் போடும் குளிசைகளையும் அங்கே சொல்லுங்கள். ஃபுளுவொக்செற்றின் சிலருக்குச் சீனியை இறக்கும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. குளிசைகளும் இன்சுலினும் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒல்லியானவர்களுக்குச் சீனி வருத்தப் பயம் இல்லைத்தானே?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இருக்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்கள் நம்மிடையே அதிகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், நாடாவை இறுக்காமல் அளவெடுங்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தொட்டால் சீனி பார்க்க வேண்டும். 35 வயது கடந்தவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளிலும் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைகளிலும் நடக்கும் சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.