கடகடன்னு வாசிக்கிறான், என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்: இங்கிலீஷ் டீச்சர் பதில்கள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் பத்திதான், அதனால ஸ்பெல்லிங் கேட்டவங்க, லெட்டர் ரைட்டிங் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

டீச்சர், என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். இங்கிலீஷ் பாடத்த தடுமாறாம வாசிக்கிறான், உச்சரிப்பும் நல்லாருக்கு. ஆனா "என்னடா சொல்லியிருக்கு"ன்னு கேட்டா முழிக்கிறான். பாடத்துக்கு பின்னாடி இருக்கற கேள்விக்கெல்லாம் கரெக்டா பதில் எழுதறான், புதுசா ஒரு பேசேஜ் குடுத்து கேட்டா மட்டும் காலி. சோம்பேறித்தனமா, இல்ல வேற ஏதாவதா? (ஒரு அம்மா)

சோம்பேறித்தனம் இல்லம்மா, மொதல்ல அவன திட்டறத நிறுத்துங்க. கீழ இருக்கற வரிய படிங்க.

"கொம்பாளி நேத்து சாயங்காலம் ரெண்டு தடுப்பல மிழுக்கினான், அதனால அவன் நுரம்பு முழுக்க சலவிப் போச்சு."

இப்ப கேள்வி. கொம்பாளி எப்ப மிழுக்கினான்? எத்தன தடுப்பல்? நுரம்பு ஏன் சலவிப் போச்சு? மூணுக்கும் நீங்க டக்குனு பதில் எழுதிடுவீங்க, ஃபுல் மார்க்கும் வாங்கிடுவீங்க, ஆனா மிழுக்கறதுன்னா அடிக்கறதா, விக்கறதா, முழுங்கறதான்னு யாருக்கும் தெரியாது (எனக்கும் தெரியாது, இப்பதான் நானே உண்டாக்கினேன்). உங்க பையன் இததான் வருஷக்கணக்கா பண்ணிட்டு வந்திருக்கான். கேள்வியில இருக்கற வார்த்தை பேசேஜ்ல எந்த வரியில இருக்குன்னு கண்ணாலேயே தேடி, அந்த வரிய அப்படியே தூக்கி எழுதறான், நாங்களும் டிக் போட்டு அனுப்பிடறோம். தப்புல பாதி எங்க மேலதான்.

1986ல ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத ஒரு சின்ன கணக்கா சொன்னாங்க. எழுத்த பார்த்து வார்த்தைய வாசிக்கற திறமை ஒண்ணு, அந்த மொழிய காதால கேட்டா புரிஞ்சுக்கற திறமை இன்னொண்ணு, இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் படிச்சு புரிஞ்சுக்கறது. கூட்டல் இல்ல, பெருக்கல். அதாவது மொத திறமை நூத்துக்கு நூறு இருந்து ரெண்டாவது பூஜ்யமா இருந்தா விடையும் பூஜ்யம்தான். உங்க பையனுக்கு மொத பக்கம் நல்லாருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப ஓட்டை ரெண்டாவது பக்கம்தான்.

எந்த இடத்துல ஓட்டைன்னு கண்டுபிடிக்க வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். புரியாத பேசேஜ எடுத்து அதே விஷயத்த தமிழ்ல அவன்கிட்ட சொல்லுங்க. தமிழ்ல சொன்னதும் "ஓ இதானா"ன்னு சொன்னான்னா, இங்கிலீஷ் வார்த்தையும் வாக்கியமும்தான் தடுக்குது. தமிழ்ல சொல்லியும் மண்டையில ஏறலன்னா அவனுக்கு அந்த விஷயமே புதுசு, ஷேர் மார்க்கெட் பத்தியோ பவளப்பாறை பத்தியோ முன்ன பின்ன கேள்விப்படாதவனுக்கு எந்த மொழியில குடுத்தாலும் அதே முழிதான். இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, ஆனா நாம ரெண்டுக்கும் "இன்னும் பத்து பேசேஜ் போடு"ன்னு ஒரே மாத்திரைய குடுத்துட்டு இருக்கோம்.

தினமும் பத்து நிமிஷம் போதும். ஒரே ஒரு பாராவ மனசுக்குள்ள படிக்கச் சொல்லுங்க, சத்தமா வேண்டாம், ஏன்னா சத்தமா வாசிக்கும்போது அவன் கவனம் முழுக்க உச்சரிப்புலதான் இருக்கும். படிச்சதும் புஸ்தகத்த மூடிட்டு என்ன புரிஞ்சுதுன்னு தமிழ்ல சொல்லட்டும். இங்கிலீஷ் பாடத்துக்கு தமிழ்ல சொல்லலாமான்னு சண்டைக்கு வர்றவங்க வரட்டும், புரிஞ்சுதா இல்லையான்னு பார்க்கறதுக்கு இத விட நேரான வழி எனக்குத் தெரியாது. இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னா ரெண்டு வரிய மனப்பாடமா ஒப்பிச்சுட்டு தப்பிச்சுடுவான், தமிழ்ல சொல்லணும்னா புரிஞ்சே ஆகணும். எந்த இடத்துல திக்கறானோ அங்க மட்டும் திரும்பப் போங்க. மொத ரெண்டு வாரம் ரொம்ப கடுப்பா இருக்கும், ரெண்டு பேருக்குமே.

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன் டீச்சர். தெரியாத வார்த்தை வந்தா டிக்‌ஷனரி பார்ப்பேன். மூணாவது பாரா வர்றதுக்குள்ள மொத பாரா மறந்துடுது. வார்த்தை தெரியாம எப்படி படிக்கறது? (ஒரு மாணவி)

நீ பண்றது தப்பு இல்லம்மா, நீ எடுத்துக்கற பேசேஜ்தான் உனக்கு ரொம்ப மேல இருக்கு. 2000ல ஹூ, பால் நேஷன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கதைய எடுத்து அதுல இருக்கற வார்த்தைகள்ல கொஞ்சத்த அர்த்தமில்லாத வார்த்தையா மாத்திக் குடுத்துப் பார்த்தாங்க (நம்ம கொம்பாளி மாதிரியேதான்). நூத்துக்கு 80 வார்த்தை தெரிஞ்ச குரூப்ல ஒருத்தருக்குக் கூட போதுமான அளவுக்குப் புரியல. யார் உதவியும் இல்லாம தானா படிச்சு புரிஞ்சுக்க 98 வார்த்தை தெரியணும்னு கணக்குப் போட்டாங்க. அதனால நீ பிராக்டீஸ் பண்ண எதையாவது எடுக்கும்போது மொத நூறு வார்த்தைய எண்ணிப் பாரு. தெரியாதது ரெண்டு மூணுன்னா தாராளமா தனியா படி. அஞ்சாறுன்னா டிக்‌ஷனரியோட, பொறுமையா. பத்துக்கு மேல போச்சுன்னா அத இப்போதைக்கு வச்சுடு, வெக்கப்படாம ஏழாம் கிளாஸ் பசங்க படிக்கறத எடுத்துப் படி.

பரீட்சையில அந்த சாய்ஸ் கிடையாது, குடுத்தத படிச்சுதான் ஆகணும். அங்க தெரியாத வார்த்தைய பார்த்ததும் நிக்காத, ஒரு சின்ன கோடு போட்டுட்டு அந்த வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் படிச்சு முடி, பல நேரம் அடுத்த வரியே அர்த்தத்த சொல்லிடும். ஒரு செடி பேரோ ஒரு கலர் பேரோ தெரியலன்னா கதை ஒண்ணும் கெட்டுப் போகாது, விட்டுட்டுப் போ.

ஆனா உனக்கு ஒரு விஷயம் சொல்லணும், நீ பயப்படற பெரிய வார்த்தைங்க பெரும்பாலும் ஆபத்தில்ல, தெரியும்னு நெனச்சு தாண்டிப் போற சின்ன வார்த்தைங்கதான் கவுத்து விடும். என் கிளாஸ்ல ஒரு பையன், நல்லா படிக்கறவன், "ஹி ஹார்ட்லி ஸ்டடீட் ஃபார் தி எக்ஸாம்"னு ஒரு வரி. "அவன் கஷ்டப்பட்டு படிச்சான், அப்புறம் ஏன் டீச்சர் ஃபெயில் ஆனான்"னு என்கிட்டயே கேட்டான். ஹார்டுன்னா கஷ்டம், அப்ப ஹார்ட்லின்னா கஷ்டப்பட்டுன்னு அவன் போட்ட கணக்கு நியாயமாதான் இருக்கு, ஆனா ஹார்ட்லின்னா "படிச்சான்னே சொல்ல முடியாது"ன்னு அர்த்தம். கதையே தலைகீழாயிடுச்சு பாரு. அன்லெஸ், தோ (though), டெஸ்பைட், யெட், ஃபியூவுக்கும் எ ஃபியூவுக்கும் இருக்கற வித்தியாசம், இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நீயே ஒரு வாக்கியம் போட்டு வச்சுக்கோ. ஐம்பது கூட வராது.

கேள்விய முதல்ல படிக்கணுமா, பேசேஜ முதல்ல படிக்கணுமா? வீட்டுல ஒண்ணு சொல்றாங்க, ட்யூஷன்ல ஒண்ணு சொல்றாங்க. (பத்தாம் வகுப்பு மாணவன்)

தம்பி, நேரம் குறைவா இருந்தா கேள்விய ஒரு தடவை ஓட்டிப் பாரு, ஆப்ஷனெல்லாம் படிக்காத. அதுக்கப்புறம் பேசேஜ முழுசா ஒரு தடவை படி. கேள்விய கையில வச்சுட்டு பேசேஜ்குள்ள வேட்டையாடப் போனா மேல சொன்ன கொம்பாளி கதைதான், "இந்த பேசேஜுக்கு தலைப்பு வை"ன்னு கேட்டதும் மாட்டிப்ப.

நான் இங்கிலீஷ் ஆசிரியை. கிளாஸ்ல 45 பேர். ஆளுக்கு ஒரு பாரா எழுந்து வாசிப்பாங்க, நான் விளக்குவேன். ஆனாலும் பாதிப் பேருக்கு ஒண்ணும் போய் சேரலன்னு தெரியுது. தனித்தனியா கவனிக்க முடியாது. என்ன செய்யலாம்?

டீச்சர், நானும் பல வருஷம் இதையேதான் பண்ணேன். ஒருத்தன் எழுந்து வாசிக்கும்போது மத்த 44 பேர் என்ன பண்றாங்கன்னு ஒரு நாள் பின் பெஞ்சுல போய் உக்காந்து பாருங்க, முக்காவாசிப் பேர் அவங்களோட பாரா எதுன்னு எண்ணிட்டு இருப்பாங்க, வாசிச்சு முடிச்சவன் நிம்மதியா தூங்கப் போயிடுவான். நாம விளக்கறதுல இன்னொரு சிக்கல், புரிஞ்சுக்கற வேலைய நாமளே செஞ்சு முடிச்சுடறோம், பசங்களுக்கு மிச்சம் இருக்கறது எழுதிக்கற வேலை மட்டும்தான்.

எனக்கு கை குடுத்தது 1984ல பாலின்சார், ஆன் பிரவுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதின முறை. அவங்க எடுத்துக்கிட்டது ஏழாம் வகுப்பு பசங்க, வாசிக்கத் தெரியும் ஆனா புரியாதுங்கற ரகம். ஒரு பத்திய படிச்சதும் நாலு வேலை. அதுல இருந்து ஒரு கேள்வி கேக்கணும், சுருக்கி சொல்லணும், புரியாத இடத்த தெளிவு பண்ணிக்கணும், அடுத்து என்ன வரும்னு யூகிக்கணும். மொதல்ல டீச்சர் செஞ்சு காட்டணும், அப்புறம் பசங்க மாத்தி மாத்தி டீச்சரா இருந்து செய்யணும். நான் நாலு நாலு பேரா பிரிச்சு ஆளுக்கு ஒரு வேலை குடுத்து, அடுத்த பாராவுக்கு வேலைய மாத்தி விட்டேன். மொத வாரம் சந்தைக்கடை மாதிரி சத்தம், பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பார்த்தாங்க. பசங்க கேட்ட கேள்வியும் "வாட் இஸ் தி நேம் ஆஃப் தி பாய்" ரகம்தான். "பதில் ஒரே வரியில இருக்கக் கூடாது, ரெண்டு இடத்துல இருந்து எடுத்து சேர்க்கணும்"னு ஒரு ரூல் போட்டேன், அதுக்கப்புறம்தான் கேள்வி கேள்வியா வந்துது.

புரியாத இடத்த தெளிவு பண்றதுதான் பசங்களுக்கு ரொம்ப கஷ்டம், ஏன்னா தனக்குப் புரியலங்கறதே அவங்களுக்குத் தெரியாது. போர்டுல இந்த வரிய எழுதிப் பாருங்க: "தி டாக் தட் சேஸ்ட் தி கேட் ரேன் அவே." யார் ஓடினதுன்னு கேளுங்க. என் கிளாஸ்ல பூனைன்னுதான் முக்காவாசிப் பேர் கை தூக்கினாங்க. கேட் ரேன் அவேன்னு மூணு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல நிக்குதே, அதுவும் இல்லாம துரத்தினா பூனைதானே ஓடும். இதையே தமிழ்ல சொல்லுங்க, "பூனைய துரத்தின நாய் ஓடிடுச்சு", ஒருத்தனும் தப்பா சொல்ல மாட்டான். தமிழ்ல விவரமெல்லாம் முன்னாடி வந்து ஆள் கடைசியா வருவான், வினையும் அவன் பக்கத்துலயே நிக்கும். இங்கிலீஷ்ல ஆள் முன்னாடி வந்துட்டு விவரம் நடுவுல பூந்துக்கும், வினை எங்கயோ தள்ளிப் போயிடும். அதனால நீளமான வாக்கியம் வந்தா ஹூ, விச், தட்ல ஆரம்பிக்கற அந்த நடுத்துண்ட பென்சில்ல வட்டம் போட்டு மூடிட்டு மீதிய வாசிக்கச் சொல்றேன். தி டாக் ரேன் அவே. இந்த ஒரு பழக்கத்துக்கு நான் ஒரு மாசம் செலவு பண்ணேன், கிராமர் போர்ஷன் கொஞ்சம் பின்தங்கிச்சு, பரவால்லன்னு விட்டுட்டேன்.

என் பொண்ண ஸ்பீட் ரீடிங் கோர்ஸ்ல சேர்த்து விடலாமா? நிமிஷத்துக்கு ஆயிரம் வார்த்தைன்னு விளம்பரம் வருது. (ஒரு அப்பா)

வேண்டாம் சார். கீத் ரேனர்னு கண் அசைவ வச்சே வாழ்நாள் முழுக்க படிப்ப ஆராய்ச்சி பண்ணவர், அவரும் மத்தவங்களும் சேர்ந்து எழுதினது 2016ல வந்துது. நல்லா படிக்கற பெரியவங்களே நிமிஷத்துக்கு 200ல இருந்து 400 வார்த்தைதான், அதுக்கு மேல வேகம் கூட்டினா புரியறது குறையும்னு சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணுக்கு அதுல பாதி வேகம் இருந்தாலும் அவசரப்படுத்தாதீங்க, வார்த்தையும் விஷயமும் தெரியத் தெரிய வேகம் தானா வரும்.

மஞ்சள் பேனாவால முக்கியமான வரிய எல்லாம் கலர் பண்ணி படிக்கிறேன், உதவுமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

ரொம்ப இல்ல. 2013ல டன்லாஸ்கிங்கற ஆராய்ச்சியாளரோட குழு பத்து படிப்பு முறைய அலசினப்ப இது கீழ்வரிசையிலதான் வந்துது, தன்னைத் தானே கேள்வி கேட்டு டெஸ்ட் பண்ணிக்கறது மேல வந்துது. கலர் பண்ணியே ஆகணும்னா பாராவுக்கு ஒரே வரின்னு வச்சுக்கோ, அந்த ஒண்ண தேர்ந்தெடுக்கறதுக்காகவாவது யோசிப்ப.

என் தம்பி எட்டாவது. கதை புஸ்தகம் குடுத்தா தொடவே மாட்டேங்கறான், எந்நேரமும் ஃபுட்பால், ஃபுட்பால்தான். எதைக் குடுத்து படிக்க வைக்கறது? (ஒரு அக்கா)

ஃபுட்பாலையே குடும்மா. 1988ல டோனா ரெக்ட், லாரன் லெஸ்லினு ரெண்டு பேர் ஏழாவது எட்டாவது படிக்கற 64 பசங்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்த பத்தின பேசேஜ் குடுத்தாங்க. படிப்புல மட்டம் ஆனா பேஸ்பால் நல்லா தெரியும்ங்கற பசங்க, படிப்புல சுட்டி ஆனா பேஸ்பால் தெரியாதுங்கற பசங்கள விட நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க. விஷயம் தெரிஞ்சவனுக்கு பாதி வாக்கியம் படிக்கும்போதே மீதி என்னன்னு தெரிஞ்சுடுது.

அதனால அவன் முந்தின நாள் ராத்திரி பார்த்த மேட்ச் ரிப்போர்ட்ட காலையில இங்கிலீஷ்ல எடுத்துக் குடு. யார் கோல் போட்டான், ரெஃப்ரி என்ன தப்பு பண்ணான், எல்லாம் அவனுக்கு ஏற்கனவே தெரியும், புதுசு இங்கிலீஷ் மட்டும்தான். படிச்சுட்டு "இந்த ஆள் தப்பா எழுதியிருக்கான், அது பெனால்டியே இல்ல"ன்னு சண்டை போட்டான்னா சந்தோஷப்படு, எழுதினவனோட கருத்து எது, நடந்தது எதுன்னு பிரிச்சுட்டான். ஒரு ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு ஆட்டக்காரனோட வாழ்க்கைக் கதை, அப்புறம் அந்த ஆட்டக்காரன் பொறந்த நாட்ட பத்தி ஏதாவதுன்னு மெதுவா நகர்த்து. நடுவுல பாட புஸ்தகத்த கொண்டு வந்து சொருகாத, கண்டுபிடிச்சுடுவான்.