ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு ஏன் ஒரே காலநிலை இல்லை?

"வெப்ப மண்டலம், மிதவெப்ப மண்டலம், குளிர் மண்டலம் என்று பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் படித்தோம். ஆனால் ஒரே பட்டைக்குள் பாலைவனமும் இருக்கிறது, மழைக்காடும் இருக்கிறது. அப்படியானால் ஓர் இடத்தின் காலநிலையை எது தீர்மானிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே குழப்பம் வெகுநாள் இருந்தது. பட்டைகளை வரைந்து, வண்ணம் தீட்டி, மதிப்பெண்ணும் வாங்கியாகிவிட்டது. ஆனால் உலக வரைபடத்தை விரித்தால் எந்த ஊரும் அந்தப் படத்துக்குக் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை.

பட்டைகள் பொய் இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகில் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. துருவத்தை நெருங்க நெருங்க அதே வெயில் சாய்ந்து விழுந்து, அதிக நிலப்பரப்பில் பரவி நீர்த்துப்போகிறது. கடகரேகையும் மகரரேகையும் 23.5 பாகையில் இருப்பதற்குப் பூமியின் அச்சு அதே அளவு சாய்ந்திருப்பதே காரணம். 'கிளைமேட்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கே 'சாய்வு' என்றுதான் பொருள். (கோடையில் சூரியன் நமக்குக் கிட்டே வருகிறது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது வட பாதி குளிரில் நடுங்கும்போது!)

சரி, அந்தப் படம் எங்கே சறுக்குகிறது? எனக்குப் பிடித்த உதாரணம் தென் அமெரிக்காவில் இருக்கிறது. பெருவின் தலைநகர் லிமா 12 பாகை தெற்கில், பசிபிக் கரையில். பிரேசிலின் சால்வடோர் 13 பாகை தெற்கில், அட்லாண்டிக் கரையில். ஒரே கண்டம், ஏறத்தாழ ஒரே அட்சரேகை, இரண்டும் துறைமுக நகரங்கள். சால்வடோரில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை. லிமாவில் ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் தேறுவது அபூர்வம். அதாவது கடலைப் பார்த்தபடி ஒரு பாலைவன நகரம்.

சால்வடோருக்குக் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்று வெதுவெதுப்பான கடல்மேல் நெடுந்தூரம் பயணம் செய்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராகக் கரையேறுகிறது. அதே கிழக்குக் காற்று அமேசான் காடுகளையும் தாண்டி லிமாவுக்கு வரவேண்டும் என்றால், குறுக்கே ஆண்டிஸ் மலை நிற்கிறது. 6000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் கொண்ட சுவர். காற்று மலையேறும்போதே குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் கிழக்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. லிமா மழைமறைவில் மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு, பெரு கரையோரம் ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. ஆழத்துக் குளிர்நீரும் அங்கே மேலெழும்பி வருகிறது. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிவிட, அதன் தலைமேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. மூடியைத் தாண்டி மேகம் உயர முடியாது. உயரமுடியாத மேகத்திலிருந்து நல்ல மழை வராது. அதனால்தான் லிமாவில் மாதக்கணக்கில் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும், பனித்தூறல் நசநசக்கும், ஆனால் குடை விரிக்க வேலை இருக்காது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே காற்று எங்கிருந்து வருகிறது, வரும் வழியில் எதைத் தாண்டுகிறது?

லண்டனும் சைபீரியாவின் இர்குட்ஸ்க்கும் 51, 52 பாகை வடக்கில் இருக்கின்றன. ஜூலையில் இரண்டின் சராசரி வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஜனவரியில் லண்டன் சுமார் 5 டிகிரி, இர்குட்ஸ்க் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியை ஒட்டி. நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். நிலம் சட்டென்று சூடாகி சட்டென்று ஆறும். மேற்கிலிருந்து வீசும் காற்று கோடை முழுக்க அட்லாண்டிக் சேமித்த வெப்பத்தை லண்டனில் இறக்கிவிடுகிறது. இர்குட்ஸ்க்கை எட்டுவதற்குள் அது 6000 கிலோமீட்டருக்கும் மேல் உறைந்த நிலத்தைத் தாண்டியாக வேண்டும்.

அப்போ கடற்கரையில் இருந்தால் போதுமா? போதாது. கனடாவின் செயின்ட் ஜான்ஸ் அதே அட்லாண்டிக்கின் மறு கரையில், லண்டனைவிடத் தெற்கே இருக்கிறது. இருந்தும் ஜனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே. அங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் கண்டத்தின் உள்ளேயிருந்து வருகிறது; பக்கத்தில் ஓடும் லாப்ரடார் நீரோட்டமும் குளிர்ந்தது. ஐரோப்பாவின் மிதமான குளிருக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீரைச் சுமந்துவரும் வளைகுடா நீரோட்டம் ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீரோட்டத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் காற்றின் திசையை விட்டுவிட்டால் அந்த விளக்கம் நொண்டும்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். பூமத்திய ரேகையை ஒட்டிய ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ 2850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருடம் முழுக்க இதமான குளிர்.

காலநிலையை வகைப்படுத்தியவர்களில் அதிகம் எடுத்தாளப்படுபவர் விளாதிமிர் கோப்பென். 1884-இல் பூமியை வெப்பநிலைப்படி பிரித்த தன் முதல் வரைபடத்தை வெளியிட்டு, பிறகு பல பத்தாண்டுகள் தன் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். தாவரவியல் படித்தவர் என்பதால் கோடுகளை விட்டுவிட்டுச் செடிகொடிகளைப் பார்த்தார். மிகக் குளிரான மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் வெப்பமண்டலம். மிகச் சூடான மாதம்கூட 10 டிகிரியைத் தொடாவிட்டால் துருவ வகை, அங்கே மரம் வளராது. வறண்ட வகையை மழையளவை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல், வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்கிறார். இந்த முறைப்படி சால்வடோர் 'ஏ' (வெப்பமண்டலம்), லிமா 'பி' (வறண்டது), லண்டன் 'சி' (மிதமானது), இர்குட்ஸ்க் 'டி' (கடுங்குளிர்காலம் உள்ளது). பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கீட்டோவும் 'சி'தான், லண்டனோடு!

அப்புறம், காற்றே பாதி வருடம் ஒரு பக்கமும் மீதி வருடம் இன்னொரு பக்கமும் வீசினால்? அதுதான் பருவக்காற்று. மேகாலயாவின் சிரபுஞ்சியில் கோடையில் வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று காசி மலைகளில் நேராக மோதுகிறது. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் மழை அங்கே பதிவானது. குளிர்காலத்தில் காற்று நிலத்திலிருந்து திரும்பி வீசும். மழை ஏறக்குறைய நின்றுபோகும். பெய்ததெல்லாம் சரிவில் ஓடிப் போய்விட, உலகின் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான அங்கே குடிநீர்த் தட்டுப்பாடு வருகிறது.