விலையுயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் மாற்றினால் ஒலி உண்மையிலேயே மேம்படுமா?

மேம்படாது, கணக்குப் போட்டாலே தெரியும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.05 டெசிபல்கூட இல்லை. எந்தக் காதுக்கும் அது எட்டாது.

0.5 சதுர மி.மீ. கம்பியை 10 மீட்டர் இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால் கதை வேறு: 1 டெசிபலுக்கு மேல் போகும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு (ஒலிச் சமிக்ஞைக்கு அது காட்டும் தடை) அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால் ஒலியின் சாயலும் கெடும். இதற்குத் தேவை தடித்த கம்பி, வெள்ளிக் கம்பி அல்ல. வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

வித்தியாசம் கேட்கிறதென்றால், இரண்டு கேபிளிலும் ஸ்பீக்கர் முனை மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் 1 சதவீதத்துக்குள் சமப்படுத்தி, எந்தக் கேபிள் என்று தெரியாமல் 16 முறை கேளுங்கள். 12 முறையாவது சரியாக வராவிட்டால் அது ஊகம்தான்.