தகடு வெட்டி வெல்ட் அடித்த பிரக்கட் நிற்குமா?

கேள்வி: என்னுடையது டொயோட்டா 100 கொரோலா. பழைய 5ஏ எஞ்சினை எடுத்துவிட்டு 4ஏ-ஜிஇ 16 வால்வு எஞ்சின் போட்டிருக்கிறேன். பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் எஸ்சி12 சுப்பர்சார்ஜர் ஒன்று கிடைத்தது, ஆனால் அதை எஞ்சினில் பூட்டும் பிரக்கட் எதுவும் இல்லை. கராஜில் தகடு வெட்டி வெல்ட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். ஓல்டனேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கொம்பிரசரையும் அதோடு சேர்த்துப் பூட்டலாமாம். நிற்குமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நிற்கும் தம்பி. எத்தனை நாளைக்கு என்று உங்கள் கராஜ்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

எஸ்சி12இல், ஏசி கொம்பிரசரில் இருப்பதுபோல ஒரு மின்காந்தக் கிளட்ச் இருக்கிறது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது டக்கென்று பிடிக்கும். அந்த அடி முழுவதும் பிரக்கட்டில்தான் விழுகிறது. வெல்ட் ஆறும்போது தகடு சுருங்கி ஒரு பக்கம் இழுக்கும். மேசையில் வைத்தால் நேராகத் தெரிகிற பிரக்கட், புளொக்கில் பூட்டியதும் புல்லியைக் கொஞ்சம் சாய்த்துவிடும். நான் கழற்றிப் பார்த்த பல பிரக்கட்டுகளில் வெடிப்பு வெல்ட்டில் இல்லை, அதற்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஓடியிருந்தது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும்.

பெல்ட் நேராக ஓடுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். நீளமான இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் படிய வைத்து, சுப்பர்சார்ஜர் புல்லிவரை நீட்டுங்கள். இரண்டு முகத்துக்கும் விளிம்பின் தடிப்பு வேறாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட் சத்தம் போடும், ஓரம் பிய்யும். புல்லியைச் சுற்றி உமிக்கரி தூவினதுபோலக் கறுப்புத் தூள் இருந்தால் வேறு அத்தாட்சி வேண்டாம். சரிசெய்ய வசதி என்று ஓட்டையை நீளமாக வெட்டித் தருவார்கள். வேண்டாம், அது அதிர்வில் வழுக்கும். காரின் பொடியோடு (உடற்கூட்டோடு) ஒரு ஸ்டே கம்பி இழுத்துத் தருகிறேன் என்றாலும் தலையாட்டாதீர்கள். எஞ்சின் மவுண்டிங்கில் ஆடும், பொடி ஆடாது. இடையில் கிடப்பதுதான் முறியும்.

செய்ய வேண்டியது இதுதான். சுப்பர்சார்ஜரோடு வந்த 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினின் வார்ப்பு பிரக்கட்டுகளையும் கிராங்க் புல்லியையும் ஒரே எஞ்சினிலிருந்து செட்டாகத் தேடுங்கள். செட் கையில் வந்தபிறகு உங்கள் புளொக்கில் போல்ட் இடங்களை ஒன்றுக்கொன்று பொருத்திப் பாருங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ‘துளைத்துவிடலாம் பாஸ்’ என்பவரிடம், தண்ணீர்ப் பாதை எங்கே ஓடுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரியும்.

புளொக்கின் வெளிப்பக்கத்தில் விலா, அதாவது வார்ப்பில் மேடாக ஓடும் வரி, எத்தனை என்றும் எண்ணுங்கள். மூன்று என்றால் அது முந்தைய ரகம், சுப்பர்சார்ஜர் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏழு என்றால் அடித்தளம் பலமானது. ஆனால் ஏழு விலா எஞ்சின்களில் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் நசுக்கும் விகிதம், 10.3 உள்ளதும் உண்டு. சுப்பர்சார்ஜர் எஞ்சினைக் கம்பனி முதலில் 8.0இல்தான் விட்டது. பிஸ்டனை மாற்றாமல் 95 பெட்ரோலை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘முழு ஜிஇசட்இ செட்’ என்று காட்டுவது எம்ஆர்2 காரிலிருந்து வந்ததாக இருக்கலாம். செட் அசல்தான். ஆனால் அந்த முதல் தலைமுறை எம்ஆர்2வுக்கு எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ஸ்டியரிங்குக்கோ பவர் இல்லை. ஆகவே உங்கள் பம்புக்கு அந்தச் செட்டில் பிரக்கட்டே கிடையாது. அதை வாங்கினால் பம்ப் அந்தரத்தில், பழையபடி தகடும் வெல்ட்டும். முன்பக்க எஞ்சினுள்ள கொரோலா லெவின், ஸ்பிரின்டர் ட்ரூனோ கார்களின் செட்டைக் கேளுங்கள். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்னால், பவர் ஸ்டியரிங் பிரக்கட்டைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்குங்கள். ‘நாளைக்கு வரும்’ என்றால் நடையைக் கட்டுங்கள்.

தரகர்களின் வித்தை எனக்குப் பழகிப்போனது. சுப்பர்சார்ஜரைத் தனியாக மலிவாகத் தள்ளிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் ‘தேடிப்பிடித்த’ பிரக்கட்டுக்கு இரட்டை விலை சொல்வார். அது முதலிலிருந்தே அவரது றாக்கையில்தான் கிடந்திருக்கும்.

எஞ்சின் வாங்கிய ரசீதையும் சுங்கப் பத்திரப் பிரதியையும் பத்திரமாக வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற வேண்டும். ஒரு கவுண்டர் கேட்ட பத்திரத்தை அடுத்த கவுண்டர் வேண்டாம் என்கிற நாட்டில் இது ஒரு நாள் வேலையில்லை, ஆனால் எஞ்சினைப் பிரிக்குமுன் முடித்துவிடுங்கள். பிரக்கட் போல்ட்டுகளை முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறியபிறகு, டோர்க் ரென்ச் வைத்து ஒருமுறை பாருங்கள்.