பாட்டி கொலுசைப் பழைய பையில் ஒட்டலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பழைய சாமான் கடையில் 450 ரூபாய்க்குப் பழுப்பு நிறக் கைப்பை ஒன்று வாங்கினேன். தோல் என்றார்கள். வீட்டில் பாட்டியின் ஒற்றைக் கொலுசு, ஜோடி தொலைந்த ஜிமிக்கி, கல் விழுந்த கவரிங் பதக்கம், நைந்துபோன பட்டுப்புடவையின் பார்டர் எல்லாம் கிடக்கின்றன. இவற்றை வைத்துப் பையை அலங்கரிக்க ஆசை. எதை ஒட்டுவது, எதைத் தைப்பது?
(அஸ்தம்பட்டி வாசகி)

பதில்: பையை அப்படியே வைத்துவிட்டு, கொலுசை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு, எடை கூடப் போடாமல் வெள்ளியைப் பையில் ஒட்டினால் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒற்றைக் கொலுசும் காசுதான். எடை எத்தனை கிராம், எவ்வளவு டச் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டச் என்பது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. கொலுசில் செம்புக் கலப்பும் பற்றவைப்பும் இருப்பதால், மொத்த எடைக்கும் சுத்த வெள்ளியின் விலை கிடைக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் பையில்தான் போடுவேன் என்றால் சரி, உங்கள் பாட்டி, உங்கள் கொலுசு.

பார்டரையும் கத்தரி வைக்கும் முன் பாருங்கள். ஓர் ஓரத்து ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினால் உள்நூல் தெரியும். சிவப்புப் பட்டு நூல் வந்தால் அது அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஜரிகை வாங்குபவரிடம் காட்டிவிட்டு அப்புறம் வெட்டலாம். வெள்ளை நூலோ பிளாஸ்டிக் மினுமினுப்போ வந்தால் தாராளமாக வெட்டுங்கள்.

இப்போது பை. கடைக்காரர் சொன்னதை நம்பாமல், கைப்பிடி சேரும் இடத்தில் அல்லது உள்பாக்கெட்டில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலானால் மெல்லிய நார் நாராக இருக்கும். ரெக்சினானால் மேலே பிளாஸ்டிக் படலம், கீழே துணி என்று இரண்டாகத் தெரியும். இதைப் பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். தோலில் குத்திய ஓட்டை மூடாது, ஆனால் தையலைத் தாங்கும். ரெக்சினில் நெருக்கமாகக் குத்தினால், தபால் தலை ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். ஏற்கெனவே உரியத் தொடங்கிய ரெக்சின் என்றால் அதன்மேல் எதை வைத்தாலும் அந்தப் படலத்தோடு சேர்ந்து உரிந்து விழும். அந்தப் பைக்கு நான் நேரம் செலவழிக்க மாட்டேன்.

ஏற்காட்டு ஈரத்தில் கிடந்த பை என்பதால் உள்ளே முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கொலுசுக்குப் பசை வேண்டவே வேண்டாம். வெள்ளி கறுக்கும். அதை விபூதியோ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போட்டுத் தேய்க்க வேண்டும், அது தோலில் பட்டால் கறை. அதனால் கைப்பிடி வளையத்தில் சின்னக் கொக்கி போட்டு, வேண்டும்போது கழற்றுகிற மாதிரி தொங்கவிடுங்கள். விற்க நினைத்தாலும் முழுசாகக் கையில் இருக்கும்.

பதக்கத்தைத் தைக்கலாம். கவரிங்கின் அடியில் இருப்பது பித்தளையோ செம்போதான். அது தோலில் நேரடியாகப் பட்டுக்கொண்டே இருந்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். நடுவில் ஒரு துண்டு கெட்டித் துணி வையுங்கள். மெழுகு நூலும் முக்கோண முனை ஊசியும் இருந்தால் நீங்களே தைக்கலாம். இல்லையென்றால் பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். பார்டருக்கு மட்டும் ரப்பர் பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்துங்கள்.

ஃபெவிக்விக்கைத் தொடாதீர்கள். நான் தொட்டவள். ஒரு ஜிமிக்கியை அதில் ஒட்டினேன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து, பை மடியும் இடத்தில் விரிசல் விட்டது. ஒருநாள் ஏற்காடு பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எல்லாரும் சாய்ந்தபோது பக்கத்து அம்மாவின் முந்தானையில் ஜிமிக்கி மாட்டிக்கொண்டது. கீழே இறங்கும்வரை அந்த அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜிமிக்கியின் பின்தண்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, முனையை அரம் வைத்து மழுக்கிவிடுங்கள். இடுப்பில் உரசுகிற பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'அசல் தோல்' என்று போட்டிருந்த பழைய பை, வந்து பார்த்தால் ரெக்சின். பணம் திரும்ப வருமா?
(ஓமலூர் வாசகர்)

பதில்: விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. வியாபாரமாக விற்பவர் என்றால் பழைய பொருளானாலும் நுகர்வோர் சட்டம் பொருந்தும். விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, விளிம்பின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் அவருக்கு எழுத்தில் கேளுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வீட்டில் கிடந்த தன் பையை ஒருவர் விற்றிருந்தால் இந்த வழி கஷ்டம், பேசித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கம்பெனி பெயர் போட்ட பழைய பைகளை அலங்கரித்து விற்கலாமா?

பதில்: வாங்கிய அசல் பையை அப்படியே மறுபடி விற்பது வேறு. பொருளின் நிலையை மாற்றி, அதே பெயரோடு விற்றால் அந்தக் கம்பெனி ஆட்சேபிக்க 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. பெயர் இல்லாத பைகளாக எடுங்கள், விலையும் குறைவு.